பழைய ரெக்கவரி லாரியின் மாதிரியை முதல் துண்டிலிருந்து நாமே செய்வது: காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

லாரி மாதிரி செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேபினில்தான் கை வைப்பார்கள். வண்டியின் முகம் அங்கேதானே இருக்கிறது. ஆனால் விழுந்த வண்டியைத் தூக்கி இழுக்கிற ரெக்கவரி லாரிக்கு அந்த வரிசை ஒத்துவராது. அதன் உயிர் பின்பக்கம் இருக்கிறது. எஞ்சினில் பிறக்கிற விசை தண்டு வழியாக, வடம் சுற்றும் உருளையான வின்ச் டிரம்முக்குப் போய், வடமாக மாறி, கப்பி கப்பியாக ஏறி, கொக்கியில் முடிகிறது. தூக்கிய பாரம் பூம் (தூக்கும் கை), மாஸ்ட் (அதைத் தாங்கும் நின்ற சட்டம்), சேஸி (அடிச்சட்டம்), ஊன்றுகால் என்று இறங்கி மண்ணுக்கு வருகிறது. இந்தப் போக்குவரத்து மனசில் தெளிவாகப் பதியும்வரை ஒரு துண்டும் வெட்டாதீர்கள். அது பதிந்துவிட்டால் எந்தப் பாகம் தடிமனாக இருக்க வேண்டும், எது மெலிதாக இருந்தால் போதும் என்று கையே சொல்லும்.

எந்த வண்டி?

நான் இங்கே எடுத்துக்கொள்வது டைமண்ட் டி 969. சிகாகோவில் சி. ஏ. டில்ட் 1905-ல் தொடங்கிய கம்பெனியின் லாரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த நான்கு டன் வண்டி, மூன்று அச்சுக்கும் எஞ்சின் விசை போகும். உள்ளே ஹெர்குலிஸ் ஆர்எக்ஸ்சி ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 529 கன அங்குலம். பின்னால் ஹோம்ஸ் டபிள்யூ-45 என்ற இரட்டை பூம் அமைப்பு. பூம் ஒன்றுக்கு ஐந்து டன், இரண்டும் சேர்ந்தால் பத்து டன்.

இந்த ஹோம்ஸ் என்ற பெயர் இழுவை வண்டியின் பிறப்போடு சேர்ந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சாட்டனூகா என்ற ஊரில் கராஜ் வைத்திருந்தவர் எர்னஸ்ட் ஹோம்ஸ். 1916-ல் ஓடைக்குள் விழுந்துவிட்ட ஒரு ஃபோர்டு மாடல் டி காரை, ஆட்களையும் கயிற்றையும் கப்பியையும் வைத்துப் படாதபாடு பட்டு வெளியே எடுத்தார். இதற்கு ஒரு யந்திரம் வேண்டும் என்று ஒரு காடிலாக் காரின் சேஸிமேல் தூக்கு அமைப்பைக் கட்டினார். இன்றைக்கு அந்த ஊரில் இழுவை வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

இரட்டை பூமின் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பூமும் தன் பக்கமாகத் தனியே திரும்பும். சாலையின் இடப்பக்கப் பள்ளத்தில் வண்டி கிடந்தால், இடது பூமைத் திருப்பி அதை இழுக்கலாம். அப்போது ரெக்கவரி லாரியே அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். அதற்காக வலது பூமை எதிர்ப்பக்கம் திருப்பி, அதன் வடத்தை ஒரு மரத்திலோ அடித்த முளையிலோ கட்டிவிடுவார்கள். ஒரு கை இழுக்க, மறு கை பிடித்துக்கொள்ளும். மாதிரியைப் பார்க்கிற ஒரு பையனுக்கு இந்த ஒரு விஷயம் விளங்கிவிட்டால் பட்ட பாடெல்லாம் தகும் என்பது என் எண்ணம்.

அளவு: நூல் கணக்கு

விகிதம் 1:16 வைத்துக்கொள்ளுங்கள். நம் ஆசாரிமார்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிக்கிறார்கள் அல்லவா? 1:16-ல் நிஜ வண்டியின் இரண்டு அங்குலம் மாதிரியில் சரியாக ஒரு நூல். நிஜத்தில் ஓர் அங்குலம், மாதிரியில் அரை நூல். கால்குலேட்டர் தேவையே இல்லை. தச்சுப்பட்டறையில் ஆசாரியிடம் "அஞ்சு நூல் வச்சுக்கங்கண்ணே" என்று சொன்னால் வேலை நடக்கும். செய்து முடித்த வண்டி ஏறத்தாழ ஒன்றரை அடி நீளம் வரும். கைக்கு அடக்கம், விவரங்களுக்கும் இடம் உண்டு.

தொழிற்சாலை வரைபடம் கிடைக்காவிட்டால் கலங்க வேண்டாம். வண்டியோடு ஓர் அளவுகோல் கூடவே வருகிறது: அதன் டயர். இதற்கு 9.00-20 டயர். நம் ஊர் லாரிகளில் பல காலம் ஓடிய அதே "ஒன்பது இருபது". விட்டம் ஏறக்குறைய 40 அங்குலம், அகலம் சுமார் 10 அங்குலம், ரிம் 20 அங்குலம். ரீட்ரெடிங் கடைகளில் இன்னும் பழசு கிடக்கும். "அண்ணே, ஒன்பது இருபது ஒண்ணு இருந்தா அளந்துட்டுப் போயிடுறேன்" என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். தொட்டு அளந்தால் பக்கச்சுவரின் வளைவு கையில் நிற்கும். படத்தில் அது கிடைக்காது.

வண்டியின் நேர்ப்பக்கப் படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுங்கள். தூரத்தில் நின்று ஜூம் வைத்து எடுத்த படமாக இருப்பது நல்லது. கிட்ட நின்று எடுத்ததில் முன்னும் பின்னும் கோணலாகும். படத்தில் டயர் விட்டத்தை அளந்து, அதை 40 அங்குலம் என்று வைத்து மற்றதையெல்லாம் கணக்கிடுங்கள். இங்கே இரண்டு எச்சரிக்கை. டயரைக் குறுக்குவாட்டில் அளங்கள். பாரத்தில் அடிப்பக்கம் அமுங்கியிருப்பதால் நெடுக்குவாட்டில் அளவு குறையும். இன்னொன்று, மாஸ்டும் பூமும் வண்டியின் நடுவில் இருக்கின்றன. டயர் படமெடுப்பவர் பக்கம் இருக்கிறது. தள்ளி இருப்பது படத்தில் சிறுத்துத் தெரியும். அதனால் பூமின் நீளத்தைப் பின்பக்கப் படத்தையும் வைத்துச் சரிபாருங்கள்.

கணக்கு சரியா என்று பார்க்க ஓர் உறுதியான அளவு உண்டு. இந்த வண்டியின் வீல்பேஸ் 151 அங்குலம். முன் அச்சிலிருந்து பின்னிரண்டு அச்சுகளின் நடுப்புள்ளி வரை. மாதிரியில் 75½ நூல், அதாவது 9 அங்குலம் 3½ நூல். உங்கள் கணக்கு இதிலிருந்து இரண்டு நூலுக்குமேல் விலகினால் வேறு படம் தேடுங்கள். சரியாக வந்தால், முழு அளவில் பக்கவாட்டு, மேல், பின் தோற்றம் மூன்றையும் சார்ட் தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவிடுங்கள்.

சாமான் சேர்ப்பது

பிளாஸ்டிக் மாடல் தகடுகளை வெளியூரிலிருந்து வரவழைப்பதைவிட, காரைக்குடியைச் சுற்றிக் கிடைப்பதை வைத்தே இந்த வேலையை முடிக்கலாம். பாரம் தாங்குகிற பாகங்களுக்குப் பித்தளை. தகடு, கம்பி, குழாய் பாத்திரக்கடை வீதியிலும் பழைய உலோகக் கடையிலும் எடைக்குக் கிடைக்கும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் உடைந்த விளக்குத் தண்டு, தாழ்ப்பாள் துண்டு என்று உதிரியாக வாங்கலாம். முழுசாக இருக்கிற பழைய பொருளை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள். அதைச் செய்தவனின் கைக்கு ஒரு மரியாதை உண்டு.

கேபினுக்கும் பானட்டுக்கும் பழைய தேக்கு. வீடு பிரிக்கிற இடத்தில் கிடைக்கும் பர்மா தேக்குத் துண்டுகள் பல பத்தாண்டுகள் காய்ந்தவை. வெயிலுக்கும் மழைக்கும் இனி அசையாது. புது மரத்தில் செதுக்கிய பானட் சித்திரை வெயிலில் ஒட்டு விடும். தட்டையான பாகங்களுக்கு விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் மெல்லிய பிவிசி ஃபோம் ஷீட் போதும். சைக்கிள் ஸ்போக்ஸ் இரண்டு மில்லிமீட்டர் தடிமன். தண்டுகளுக்கும் முன் காப்புக் கம்பிகளுக்கும் அதைவிட நல்லது இல்லை. பேக்கிங் கட்டுகிற இரும்புப் பட்டை, நகை கோக்கும் மெல்லிய ஸ்டீல் ஒயர், குண்டூசி, கிடார் கடையில் இரண்டு டியூனிங் கீ இவற்றையும் வாங்கி வையுங்கள். கிடாருக்கு இங்கே என்ன வேலை என்பது வின்ச் வரும்போது தெரியும்.

டயர்கள்

முன்னால் ஒற்றை, பின்னால் இரண்டு அச்சிலும் இரட்டை. ஆகப் பத்து ஓடும் டயர், அதோடு ஸ்டெப்னி. ஒன்றைச் செம்மையாகச் செய்து மற்றதை வார்ப்பதே வழி. லேத் பட்டறையில் நைலான் ரோலைக் கொடுத்து 20 நூல் விட்டம், 5 நூல் அகலம், நடுவில் 10 நூல் துளை என்று கடைந்து வாங்குங்கள். மரத்தில் கடைந்தால் ரேகை வார்ப்பில் பதிந்துவிடும். மேலே ராணுவ டயருக்கே உரிய குறுக்குக் கட்டைகளை மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் ஒட்டுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று மாறிமாறி வரும். எண்ணிக்கையைப் படத்தில் எண்ணிக்கொள்ளுங்கள்.

வார்ப்பு அச்சுக்கு (மோல்ட்) ஆர்டிவி சிலிகான் ரப்பர். வார்ப்புக்குக் கறுப்புச் சாயம் கலந்த எபாக்சி. நம் ஊர் வெயிலில் எபாக்சி வேகமாகச் சூடேறி இறுகும்; ஒரு டயருக்கு வேண்டியதை மட்டும் கலந்து, விடியற்காலையில் ஊற்றுங்கள். இரட்டை டயர்களுக்கு நடுவே அரை நூலிலிருந்து ஒரு நூல்வரை இடைவெளி விட மறக்காதீர்கள். அந்தச் சந்தில் கல் மாட்டியிருக்கிறதா என்று டிரைவர்கள் குனிந்து பார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அது இல்லாத வண்டி உடனே உறுத்தும். ஓடும் டயர்களின் அடியில் அரத்தால் ஒரு மில்லிமீட்டர் சமன் செய்தால் வண்டிக்கு எடை வந்துவிடும்.

சேஸியும் பின் போகியும்

இரண்டு நீளச் சேனல், குறுக்கே இணைப்புகள். பித்தளைத் தகட்டில் மடிக்கும் கோட்டை முக்கோண அரத்தால் பாதி ஆழம் கீறி மடித்து, உள்மூலையில் ஈயப்பற்று ஓட்டுங்கள். இரண்டு சேனலையும் தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் வைத்துத்தான் இணைக்க வேண்டும். இங்கே ஒரு மயிரிழை முறுக்கு இருந்தாலும் கடைசியில் ஒரு சக்கரம் தரையைத் தொடாது.

பின் போகி, அதாவது பின்னிரண்டு அச்சும் சேர்ந்த தொகுதி, அழகான ஏற்பாடு. ஸ்பிரிங் பட்டைக்கட்டு தலைகீழாக இருக்கும். நடுப்பகுதி சேஸியோடு சேர்ந்த ஒரு குறுக்குத் தண்டில் ஆடும். இரு முனைகளும் முன்பின் அச்சுகளின்மேல் உட்காரும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் அடுத்தது தானாக இறங்கிப் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். இதை ஆடுகிற மாதிரியே செய்யுங்கள். பேக்கிங் பட்டையை ஒன்றரை நூல் அகலத்துக்கு வெட்டி, நீளம் குறைந்துகொண்டே போகும்படி அடுக்கி, நடுவில் ஒரு கம்பியை சென்டர் போல்ட்டாக இறக்கி, யூ போல்ட்டுக்கு ஸ்போக்ஸை வளைத்தால் முடிந்தது. எல்லாப் பட்டையையும் ஒட்டிவிடாதீர்கள். நீளமான இரண்டு மட்டும் நடுவில் இறுகியிருந்தால் ஸ்பிரிங் வேலை செய்யும். முன் அச்சுக்கு வழக்கமான கட்டு, முனையில் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பு.

மாஸ்ட், பூம், வின்ச்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. முதலில் பாரக் கணக்கு. நீளம் பதினாறில் ஒரு பங்கானால் கன அளவு 4,096-ல் ஒரு பங்காகும். நிஜ பூம் தாங்குவது ஐந்து அமெரிக்க டன், அதாவது 10,000 பவுண்டு, சுமார் 4,536 கிலோ. அதை 4,096-ஆல் வகுத்தால் 1.1 கிலோ. ஆக, உங்கள் மாதிரியின் ஒவ்வொரு பூமும் கடைக்காரரின் ஒரு கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டால் வளையாமல் நிற்க வேண்டும். அதே உலோகத்தில், அதே விகிதத்தில் செய்தால் சிறிய சட்டம் தன் பாரத்துக்குப் பெரியதைவிடப் பதினாறு மடங்கு வலுவாக இருக்கும். குறுக்குவெட்டு 256-ல் ஒரு பங்காகத்தான் குறைகிறது, பாரமோ 4,096-ல் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் பித்தளை தாங்கும். விட்டுக்கொடுப்பது மூட்டுகள்தான்.

மாஸ்ட் கால் விரித்து நிற்கும் சட்டம். அதன் அடியை சேஸி சேனல்களிலேயே ஊன்றுங்கள். மேலே படுக்கையில் (வண்டியின் பின் தளத்தில்) மட்டும் ஒட்டி நிறுத்தினால் பாரம் ஏறியதும் பலகையைப் பெயர்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு ஊசிக்கம்பி செருகி, பிறகு பற்றவையுங்கள். உச்சி மூட்டையும் பூமின் அடிமூட்டையும் மட்டும் பத்தரிடம் கொண்டுபோய் வெள்ளிப்பற்று வைத்து வாங்குவது நல்லது. நகைப் பட்டறை ஊதுகுழலில் நிமிஷ வேலை. ஈயப்பற்றைப்போல இழுத்தால் விடாது.

பூமின் குறுக்குவெட்டைப் படத்தில் உற்றுப் பார்த்து வெட்டுங்கள். குழாயானால் குழாய், சேனலானால் சேனல். அடிமூட்டுக்கு இரண்டு அசைவு வேண்டும்: மேலும் கீழும் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நின்ற ஊசியில் சுழலும் ஒரு கவடு, அந்தக் கவட்டில் படுத்த ஊசி. இந்த இரண்டும் சரியாக நடந்தால் பூம் எப்படி வேண்டுமானாலும் போகும். நுனியிலிருந்து மாஸ்ட் உச்சிக்குத் தாங்குவடம் கட்ட வேண்டும். பாரம் தொங்கும்போது தாங்குவடம் இழுபடும், பூம் நசுக்கப்படும். பூம் வளைந்தால், தாங்குவடம் கட்டிய இடம் நுனியிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது என்று அர்த்தம்.

தூக்குவடத்தின் பாதையில் ஒரு நுட்பம் உண்டு. வின்ச்சிலிருந்து வருகிற வடம் பூம் சுழலும் அச்சை ஒட்டிய ஒரு கப்பி வழியாகப் போய், பிறகுதான் நுனிக்கு ஏற வேண்டும். அச்சை விட்டு விலகிப் போனால், பூமைப் பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் கொக்கி தானாக ஏறும் அல்லது இறங்கும். நூலைக் கட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கப்பியைப் பொருத்துங்கள். கப்பி செய்ய மூன்று வட்டத் தகடு போதும்: நடுவில் சிறியது, இருபுறமும் பெரியது. டிரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு அரத்தால் பள்ளத்தை உருட்டிவிடுங்கள். கூர் விளிம்பு இருந்தால் வடம் நைந்துபோகும்.

வடத்துக்கு நகை கோக்கும் ஸ்டீல் ஒயர். நிஜத்தில் அரை அங்குல வடம் என்றால் மாதிரியில் 0.8 மில்லிமீட்டர். நூல் வேண்டாம்; நூலில் உள்ள பஞ்சு பிசிர் எந்தப் பெயின்ட்டிலும் அடங்காது, தொய்வும் இரும்பு வடம்போல விழாது.

இனி கிடார் கீ. அதற்குள்ளே திருகுப்பல்லும் பல்சக்கரமும் இருக்கின்றன. திருகுப்பல்லின் குணம், கைப்பக்கம் திருப்பினால் சக்கரம் சுற்றும். சக்கரப் பக்கமிருந்து இழுத்தால் அசையாது. பாரத்தைத் தூக்கிய இடத்தில் விட்டால் அங்கேயே நிற்கும், தனியாக பிரேக் வேண்டாம். இரண்டு கீயைப் படுக்கைக்கு அடியில் மறைத்து, அதன் தண்டை டிரம்மோடு சேர்த்துவிடுங்கள். திருப்பும் காதை வெட்டிவிட்டு ஸ்போக்ஸ் தண்டாக நீட்டினால் பக்கப் பெட்டிக்குள்ளிருந்து இயக்கலாம்.

கடைசியாக ஊன்றுகால்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பித்தளைக் குழாய், துளைகளில் செருகும் ஊசி, அடியில் தட்டுப் பாதம். பக்கவாட்டில் ஒரு கிலோ தொங்கும்போது கால் இல்லாவிட்டால் வண்டி கவிழும், நிஜத்தில் போலவே. பின்னோக்கித் தூக்கும்போதும் முன்சக்கரம் எழும்பினால் ரேடியேட்டருக்குப் பின்னால் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை நிரப்புங்கள். எஞ்சின் எடை நிஜத்தில் இருப்பதும் அங்கேதான்.

இந்தக் கட்டத்தில் நிறுத்தி, படிக்கல் சோதனையை முடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கேபின், பானட், படுக்கை

தொடக்க காலத்து 969-களுக்கு மூடிய கேபின். 1943 வாக்கில் கேன்வாஸ் கூரை போட்ட திறந்த கேபின் வந்தது. முதல் தடவை செய்பவர்களுக்குத் திறந்ததையே சொல்வேன். நேர்க்கோடுகள் அதிகம், தவிர உள்ளே ஸ்டீயரிங், சீட், கியர் நெம்புகோல் எல்லாம் தெரியும். மூடிய கேபினின் உருண்ட கூரையும் பானட்டும் தேக்கில் செதுக்க வேண்டியவை. கதவு நிலையில் இலைக்கொடி செதுக்குகிற ஆசாரி யாராவது பழக்கமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து அவர் உளி பிடிக்கும் கோணத்தைக் கவனியுங்கள். இரு பக்கமும் ஒரே வளைவு வர, அவர்கள் அட்டையில் வெட்டிய அச்சை வைத்து அடிக்கடி ஒத்துப்பார்ப்பார்கள். ரேடியேட்டர் முகப்பில் சாய்சதுரத்துக்குள் டி எழுத்து. மெல்லிய பித்தளையில் நுண்ணிய வாளால் அறுத்து ஒட்டுங்கள். முன் பம்பரில் இன்னொரு வின்ச் உண்டு, விடாதீர்கள்.

ரிவெட்டுகளுக்குத் தகட்டின் பின்புறமிருந்து மழுங்கிய ஊசியால் தட்டினால் போதும். பெரிய போல்ட்டுக்குக் குண்டூசித் தலை. படுக்கையின் இருபுறப் பெட்டிகள் ஃபோம் ஷீட்டில். அவற்றில் சங்கிலி, கொக்கிக் கப்பி, கடப்பாரை, மண்வெட்டி, கட்டைகள். சங்கிலியைப் பெட்டியில் அடுக்கிவைக்காமல் குவித்துப் போடுங்கள்.

பெயின்ட்

மரமும் ஃபோமும் பித்தளையும் சேர்ந்த உடம்பு இது. ஒவ்வொன்றும் பெயின்ட்டை வேறு வேறாக வாங்கும். அதனால் பிரைமரில் பொறுமை வேண்டும். நம் வீடுகளின் முட்டைப்பூச்சுச் சுவரைப்போல, மெல்லிய பூச்சு, தேய்ப்பு, மறுபடி பூச்சு என்று போனால்தான் மரமும் தகடும் ஒரே தோலாகத் தெரியும். ஃபோம் ஷீட்டில் தின்னர் நேரே படக் கூடாது, மேற்பரப்பு கரையும். முதலில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பிரைமர். எனாமலின்மேல் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தால் சுருங்கிப் பொரியும். லாக்கர் கீழே, எனாமல் மேலே என்பதுதான் பாதுகாப்பான வரிசை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும். உச்சி வெயிலிலும் வேண்டாம், துளி காற்றிலேயே காய்ந்து பொடியாக விழும். தை, மாசிக் காலைப் பொழுது இந்த வேலைக்கென்றே வாய்த்தது.

நிறம் மங்கலான ராணுவ ஆலிவ். போருக்குப் பிறகு டிஸ்போசலில் விற்ற ராணுவ லாரிகள் நம் நாட்டுச் சாலைகளில் வேறு நிறத்தில், மரக் கேபினோடு ஓடின. அப்படி ஒரு மறுவாழ்வு கொடுக்க நினைத்தால் ஆலிவின்மேல் புது நிறம் அடித்து, கைபடும் இடங்களில் லேசாகத் தேய்த்துப் பழைய நிறத்தை எட்டிப்பார்க்க விடுங்கள். அழுக்கும் காரணத்தோடுதான் வர வேண்டும். வடம் உரசும் கப்பி விளிம்பு பளபளக்கும், டிரம் ஓரத்தில் கிரீஸ் கறுக்கும், படி ஏறும் இடத்தில் பெயின்ட் தேயும். செம்மண் புழுதிக்கு நம் ரோட்டோர மண்ணையே துணியில் சலித்து அக்ரிலிக்கில் கலக்கலாம். சக்கர மட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிறுத்திவைப்பது

அடித்தளத்துக்கு ஆத்தங்குடிக் கல் இரண்டைப் பக்கத்தில் பக்கம் பதிக்கலாம். பூ வேலை அதிகம் உள்ளது வண்டியை விழுங்கிவிடும். ஒற்றை நிறக் கல் தேர்ந்தெடுங்கள். கல்லின் அடியில் கரையான் ஏறாத மரைன் பிளைவுட். வண்டியின் எடையை டயரில் விடாமல், போகி நடுத்தண்டுக்கும் முன் அச்சுக்கும் அடியில் மறைவாக முட்டுக் கொடுங்கள். எபாக்சி டயர் வெயில் காலத்தில் இளகி நிரந்தரமாக அமுங்கும்.

கொக்கியில் பாரம் தொங்கவிட்டே காட்சிக்கு வைக்காதீர்கள். ஒரு பூமைப் பக்கவாட்டில் திருப்பி ஊன்றுகால் இறக்கி, எதிர் பூமின் வடத்தை அடித்தளத்தில் ஒரு சின்ன முளையில் கட்டி, வடம் நேராக நிற்கும் அளவுக்கு மட்டும் கீயைத் திருப்பி விடுங்கள். மாதம் ஒரு தடவை தூசு தட்டும்போது இரண்டு கீயையும் அரைச் சுற்று முன்னும் பின்னும் திருப்பி, திருகுப்பல்லில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய்.